ஹீட்டர் கோரைக் கழுவுவதா, மாற்றுவதா?

சென்ற ஜனவரியில், டொரான்டோவின் மைனஸ் 15 டிகிரிக் குளிரில், என் கார் ஹீட்டர் ஓரவஞ்சனை செய்யத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் மனைவி கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருக்கிறாள்; ஓட்டுகிற எனக்கு விரல் விறைக்கிறது. ஒரு கராஜில் காட்டினேன். பானெட்டைக்கூடத் திறக்காமல், "ஹீட்டர் கோரை மாத்தணும்" என்றார்கள்.

கோர் என்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர். எஞ்சினில் சூடான கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) இதற்குள் ஓடித்தான் கேபின் காற்று சூடாகிறது. விலை பெரிதில்லை, கூலிதான் பெரிது. பல கார்களில் டாஷ்போர்டையே கழற்றினால்தான் அதை எட்ட முடியும். ஒரு நாள் வேலை. உள்ளே அடைத்திருக்கும் அழுக்கைத் தண்ணீர் விட்டுக் கழுவுவதோ ஓரிரு மணி நேரத்தில் முடியும்.

சரி, முதலில் கோளாறு கோரில்தானா? எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, ஹீட்டரை உச்சத்தில் வைத்துவிட்டு நிறுத்துங்கள். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புக்குள் இரண்டு ரப்பர் ஹோஸ்கள் போகும். கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுடுகிறது, மற்றது வெதுவெதுப்பு என்றால் கோரில் அடைப்பு. இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் கோர்மேல் பழி போடாதீர்கள்: கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டைப் பெரிய ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறந்தபடியே சிக்கியிருக்கலாம். தெர்மோஸ்டாட் என்றால் ஹைவேயில் வெப்பமானி முள் இறங்கும். கூலன்ட் குறைவு என்றால் சிக்னலில் நிற்கும்போது காற்று குளிர்ந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சூடாகும். டாஷ்போர்டுக்குள் களகளவென்று சத்தமும் கேட்கலாம். அப்போது கூலன்ட் எங்கே போனது என்பதுதான் அடுத்த கேள்வி.

இரண்டு ஹோஸும் நன்றாகச் சுட்டு, ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால், சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவைச் சந்தேகப்பட வேண்டும். இரு பக்கமும் தனித்தனியாக வெப்பம் வைக்கும் கார்களில் பக்கத்துக்கு ஒரு கதவு, அதைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். பிளாஸ்டிக் பல் உடைந்தால் 'டக் டக்' என்று அடிக்கும். எந்த வெப்பம் வைத்தாலும் அந்தப் பக்கத்துக் காற்று மாறாது. கோர் அடைத்திருந்தால் அப்படியில்லை: விசிறியின் வேகத்தைக் குறைத்தாலே கொஞ்சம் சூடு வரும். எனக்கு வந்தது. ஹோஸும் அதையே சொன்னது.

கழுவுவதில் ஒரு பயம் உண்டு. கூலிங் அமைப்பு சாதாரணமாக 15 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) அளவு அழுத்தத்தில் ஓடுவது. தோட்டக் குழாயின் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். முழுசாகத் திறந்தால் பழைய கோர் கிழியக்கூடும், அப்புறம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. எஞ்சின் ஆறிய பிறகு, தண்ணீர் வெளியேறும் ஹோஸ் வழியாக மெதுவாக எதிர்த்திசையில் விட வேண்டும். என் காரில் முதலில் வந்தது டீத்தூள் கலந்தது போன்ற பழுப்புத் தண்ணீர். தெளியும்வரை விட்டு, கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி நிரப்பி (மைனஸ் 37 வரை தாங்கும்), உள்ளே சிக்கிய காற்றையும் வெளியேற்றினேன். கழிவை வாளியில் பிடித்துவிடுங்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகலாம்.

முன்பு யாராவது ஒழுக்கை அடைக்கும் திரவத்தை ஊற்றியிருந்தால், அல்லது ஒத்துப்போகாத கூலன்ட்டுகளைக் கலந்திருந்தால், கழுவினாலும் மறுபடி அடைக்கலாம். இரண்டு முறை கழுவியும் வெளியேறும் ஹோஸ் சூடாகாவிட்டால் நான் மாற்றிவிடுவேன். கேபினில் இனிப்பு வாசனை, முன்கண்ணாடியில் பிசுக்கான மூட்டம், பக்கத்து இருக்கைக் காலடியில் ஈரம் — இவை தெரிந்தால் கழுவும் பேச்சே வேண்டாம். கோர் ஒழுகுகிறது, டாஷ்போர்டைக் கழற்ற நாள் குறிக்க வேண்டியதுதான்.