காரைக்குடியிலிருந்து குருசடைத் தீவுக்கு: ஒரு நாள் பயண ஏற்பாடு பற்றி

காரைக்குடியில் பழைய வீடுகளையும் ஆத்தங்குடித் தளக்கல் பட்டறைகளையும் சுற்றிக் காட்டிவரும் ஒரு பயண ஏற்பாட்டாளர், இப்போது பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவுக்கும் ஆட்களை அழைத்துச் செல்கிறார். சென்ற மாசியில் அப்பத்தா உட்பட நாங்கள் ஐந்து பேர் போய்வந்தோம்.

வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. வழியில் கொடுத்த இட்லியும் கோசமல்லியும் நன்றாகவே இருந்தன. ஆனால், தலைக்கு வாங்கிய தொகையில் வனத்துறைச் சீட்டுக்கு எவ்வளவு, வேனுக்கு எவ்வளவு என்று கேட்டும் பிரித்துச் சொல்லவில்லை.

குறை அதைவிடப் பெரியது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவில், இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளில் ஒன்று குருசடை. அங்கே எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை வேன் புறப்படும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மாறாக, உடன் வந்த வழிகாட்டி "சங்கு, சிப்பி எல்லாம் பொறுக்கலாம்" என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டினார். அவர்கள் அனுப்பிய விளம்பரப் படத்திலும் ஒரு கை நட்சத்திர மீனைத் தூக்கிப் பிடித்திருந்தது.

தீவோரத்தில் முழங்காலளவுத் தண்ணீரில் அதுவே நடந்தது. வழிகாட்டி ஒரு நட்சத்திர மீனை எடுத்து, படம் பிடிப்பதற்காகக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுத்தார். எங்களை ஏற்றிவந்த படகுக்காரர், பாம்பன் பக்கத்து மீனவர், ஒன்றும் பேசாமல் அதை வாங்கி, இரு கைகளாலும் தண்ணீருக்குள் கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே வாய்ப்பக்கம் மணலில் படியும்படி வைத்தார். பிறகு என் தம்பி மகனின் சட்டைப் பையிலிருந்த இரண்டு பவளத் துண்டுகளையும் கேட்டு வாங்கிக் கடலிலேயே போட்டார். பவளத்தை எடுப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம் என்பதையும், கடல் அட்டைக்கும் அதே ஆண்டில்தான் தடை வந்தது என்பதையும் அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். தண்ணீருக்கடியில் கருத்துத் தெரிந்த கடற்புல் திட்டுகளைக் காட்டி, ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் இடம் என்றார். அந்த அரை மணி நேரத்துக்காகவே இந்தப் பயணத்துக்குக் கொடுத்த பணம் தகும்.

இதில் நியாயம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுத்துப் பிழைத்த கடற்கரைப் பெண்கள், பூங்கா வந்தபின் பழைய இடங்களை இழந்தவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். அவர்கள் தொடத் தயங்கும் கடலில், ஒரு நாள் உல்லாசத்துக்கு வரும் நாம் கைநிறைய அள்ளிவருவது எந்த வகையில் சரி? சிப்பிச் சுண்ணாம்பு பூசிய சுவர்களைப் பெருமையோடு காட்டும் காரைக்குடிக்காரர்களுக்கு, சுண்ணாம்புக் காளவாய்களுக்காக மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை வெட்டியெடுத்த காலமும் தெரிந்திருக்க வேண்டும். இந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் அமிழ்ந்துபோனதற்கு, அரணாக நின்ற பாறையை வெட்டியதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

ஏற்பாட்டாளரிடம் இவற்றைத் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், இரண்டு நாளில் அந்த விளம்பரப் படத்தை நீக்கிவிட்டார். உள்ளூர்ப் படகுக்காரர் ஒருவரையே வேனில் ஏறும் இடத்திலிருந்து வழிகாட்டியாக அமர்த்தி, கட்டணத்தையும் பிரித்துக் காட்டினால் இந்தப் பயணத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இப்போதைக்கு, சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் விதிகளை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் பதிவு செய்ய வேண்டாம். அப்போது வீசும் காற்றில் அந்தப் பக்கக் கடல் கலங்கி, அடியில் இருப்பது ஒன்றும் தெரியாது.