வக்கீல் கட்டணம்: பில் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள்

அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அவர் பேரில் இருந்தது தாமானில் ஒரு மலிவுவிலை வீடு மட்டும்தான். தோட்ட வேலை ஓய்ந்ததும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் வாங்கியது. அதை அம்மா பேருக்கு மாற்ற, இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தனியாக ஆபீஸ் நடத்தும் ஒரு வக்கீலிடம் போனோம். 4,500 வெள்ளி போனதுதான் மிச்சம். புகார் நடப்பதால் பெயரைப் போடவில்லை. பணம் எப்படிக் கறக்கப்பட்டது என்பதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் நாள் வக்கீல் சில நிமிடம்தான் பேசினார். ஆனால் தமிழில் பேசினார். "கவலைப்படாதீங்கம்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார். மலாயில் கடிதம் வந்தாலே கலங்கிப் போகும் அம்மாவுக்கு அது பெரிய தெம்பு. அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்புறம் எல்லாமே அவர் ஆபீஸ் கிராணி, அதாவது கிளார்க்தான். "எல்லாம் சேர்த்து மூவாயிரம்" என்றார், அம்மா ரொக்கமாகக் கொடுத்தார். கொஞ்ச நாளில் "கோர்ட் செலவு" என்று இன்னொரு 1,500. இரண்டுக்கும் பில் இல்லை. ரசீதுப் புத்தகத்தில் கிழித்த துண்டுதான்: தொகை, 'பேமெண்ட்' என்ற ஒரு சொல், கிராணியின் கையெழுத்து. ஆபீஸ் முத்திரைகூட இல்லை. கடைசியில் 8% சேவை வரி என்று 360 வெள்ளி கேட்டு எனக்கு ஒரு கணக்கு எண் அனுப்பினார்கள். கைப்பேசியில் அனுப்பப் போனால், திரையில் வந்தது கிராணியின் சொந்தப் பெயர்! அங்கேயே நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தேன்.

கோர்ட் செலவு என்றார்களே, இந்த வேலைக்குக் கோர்ட்டே கிடையாது. உயில் இல்லை, சொத்தில் வீடோ நிலமோ இருக்கிறது, மொத்த மதிப்பு 5 மில்லியன் வெள்ளியைத் தாண்டவில்லை என்றால் அது 'பூசாகா கெச்சில்', அதாவது சிறு சொத்து. நில இலாகா வழியாகவே முடியும். (2024 ஜூலை 15க்கு முன் வரம்பு 2 மில்லியன்.) போராங் ஏ என்ற மனுப் படிவத்தை நிரப்பி, இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் ஐசி, கிராண்ட் (வீட்டுப் பத்திரம்) நகல் எல்லாம் வைத்துக் கொடுத்தால் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். வக்கீல் கட்டாயமில்லை. அப்பாவின் ஐசி எண்ணைக் கொடுத்து நில இலாகாவில் கேட்டதில், அவர் பேரில் மனுவே போடவில்லை என்றார்கள். மாதக்கணக்காக "ஃபைல் ஓடிக்கிட்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அந்தக் கிராணி.

சேவை வரியும் அப்படித்தான். 2024 மார்ச் முதல் அது 8% என்பது உண்மை. ஆனால் 12 மாதத்தில் 500,000 வெள்ளிக்கு மேல் கட்டணம் வாங்கும் வக்கீல் நிறுவனம்தான் அதற்குப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தவர்கள் பில்லில் பதிவு எண் போடுவார்கள், சுங்கத்துறையின் மைஎஸ்எஸ்டி தளத்தில் யாரும் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டேன். அதோடு அந்த 360 வெள்ளிப் பேச்சே எழவில்லை.

பில்லை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. வக்கீல் தன் கட்டணத்துக்காக நம் மீது வழக்குப் போட வேண்டுமென்றால், முதலில் பில் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பில் அதிகம் என்று நமக்குத் தோன்றினால், அதைச் சரிபார்க்கச் சொல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போகலாம். துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு எதை அதிகம் என்று காட்டுவது? செலவுக்கென்று முன்பணம் கேட்டால், அது போக வேண்டிய இடம் நிறுவனத்தின் பேரில் தனியாக இருக்கும் கிளையண்ட் அக்கவுண்ட். கிராணியின் பாக்கெட் இல்லை.

தனியாகத் தொழில் செய்கிற எல்லோரும் இப்படி என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். டைப் அடிப்பது, கோர்ட்டுக்கு ஓடுவது, பில் போடுவது எல்லாம் ஒரே ஆளாகச் செய்து நேர்மையாகப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். "இதற்கு வக்கீலே வேண்டாம், நீங்களே மனு போடுங்கள்" என்று சொல்லி ஒரு காசு வாங்காமல் அனுப்பியதும் ஈப்போவில் அப்படித் தனியாக இருக்கும் ஒரு வக்கீலம்மாதான். வேறு வேலையாக இருந்தால் எவ்வளவு, அதில் எது அடங்கும், எது அடங்காது என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவாராம். எந்த வக்கீலிடமும் முதல் நாளே அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். தர யோசித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த வருடத் தொழில் உரிமம் இருக்கிறதா என்பதை வழக்கறிஞர் மன்றத்தின் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடலாம். அசல் கிராண்டை முதல் நாளே தூக்கிக் கொடுக்க வேண்டாம், நகல் போதும். எங்கள் அசலைத் திரும்ப வாங்க எழுத்து மூலமாகக் கேட்டு, நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது.

இப்போது மனுவை நாங்களே போட்டிருக்கிறோம். சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. நாங்கள் எல்லோரும் எங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுப்பதாக விசாரணையில் சொல்லப் போகிறோம். பணம் இன்னும் திரும்பவில்லை. கோலாலம்பூரில் உள்ள வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்துக்கு அந்தத் துண்டுச் சீட்டுகளின் நகலோடு புகார் அனுப்பியாகிவிட்டது. இதே மாதிரி சீட்டு உங்கள் வீட்டிலும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், தேதியைக் குறித்து வைத்து நீங்களும் எழுதுங்கள். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.