பார்மசி கல்லூரி பார்க்கப் போனோம்: சிங்க் ஈரமாக இருந்த இடத்துக்கே என் ஓட்டு

சிவகாசியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். 1996-இல் டி.பார்ம், அதாவது பார்மசி டிப்ளமா, முடித்தவள். இந்த வருஷம் பிளஸ் டூ முடித்த அண்ணன் மகள், "அத்தை, நானும் பார்மசிதான்" என்று சொன்னதும் அண்ணன் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு இரண்டு தனியார் கல்லூரிகளுக்குப் போய் வந்தோம். பெயர் சொல்லப்போவதில்லை. எதைப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் கல்லூரி நாலுவழிச் சாலை ஓரத்தில். கண்ணாடி முகப்பு, வரவேற்பறையில் ஏ.சி., ஏலக்காய் டீ. அட்மிஷன் ஆள் எடுத்ததுமே, "பார்ம்.டி சேருங்க, பேருக்கு முன்னால டாக்டர் போட்டுக்கலாம்" என்றார். பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது. நான் லேப் காட்டச் சொன்னேன். சாவி தேடவே கால் மணி நேரம்.

டிஸல்யூஷன் எந்திரம் பளபளவென்று இருந்தது. ஆறு ஜாடிகள், அதில் இரண்டின் மேல் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்கவில்லை. மாத்திரை எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்கும் எந்திரம் அது. ஜாடிகளைச் சுற்றி 37 டிகிரியில் வெந்நீர் நிற்க வேண்டும். நம்ம ஊர்த் தண்ணீருக்கு ஒரு செமஸ்டர் ஓடியிருந்தால் தொட்டியில் வெள்ளையாக உப்புக்கறை படிந்திருக்கும். இதில் பொட்டுக் கறை இல்லை. சிங்க்கில் விரல் வைத்தேன், தூசி ஒட்டியது.

பார்ம்.டி நடத்தும் கல்லூரிக்கு 300 படுக்கை உள்ள மருத்துவமனை வேண்டும் என்பது இந்திய பார்மசி கவுன்சில் விதி. "டை-அப் இருக்கு" என்றார்கள். வழியில்தானே, எட்டிப் பார்ப்போம் என்று அந்த மருத்துவமனைக்கும் போனோம். வார்டில் இருந்த சிஸ்டரிடம் பார்ம்.டி பிள்ளைகள் ரவுண்ட்ஸ் வருவார்களா என்று கேட்டேன். "வருவாங்கக்கா, கையெழுத்து வாங்கிட்டுப் போயிருவாங்க" என்றார். ஆறு வருஷப் படிப்பு அது. ஐந்து வருஷம் படித்து ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். வார்டில் நின்று கேஸ் ஷீட் படித்து, இந்த மருந்தும் அந்த மருந்தும் மோதுமா என்று பார்ப்பதுதான் அந்தப் படிப்பின் உயிர். அது இல்லாவிட்டால் நாலு வருஷ பி.பார்மே மேல்.

இன்னொன்று. பி.பார்முக்கு 100 சீட் என்றார்கள். வீட்டுக்கு வந்து கவுன்சிலின் இணையதளப் பட்டியலைப் பார்த்தால் 60 என்று இருக்கிறது. பட்டியல் பொதுவில்தான் கிடக்கிறது, முன்பணம் கட்டுவதற்கு முன்னால் யாரும் பார்ப்பதில்லை. புதுக் கல்லூரிகளுக்கு 2019-இல் கவுன்சில் போட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2022-இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் வந்த புதுக் கல்லூரியானால் இரண்டு மடங்கு விசாரிப்பது நல்லது. அந்தக் கண்ணாடிக் கல்லூரியில் ஒரிஜினல் மார்க் ஷீட்டை "சும்மா கொடுத்துட்டுப் போங்க" என்றும் கேட்டார்கள். சும்மாவா! டீக்கு ஒரு ஸ்டார், மற்றதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது கல்லூரி பழசு. சுவரில் காரை பெயர்ந்திருந்தது, கேன்டீனில் புளிசாதம் ஒன்றுதான். ஆனால் லேப் வாசலிலேயே, மாத்திரைத் தூளை ஒட்டவைக்கும் ஸ்டார்ச் கூழ் வாசனை வந்தது. எனக்கு இருபது வயசு திரும்பியது மாதிரி இருந்தது. உள்ளே ஒரு பையன் மாத்திரைகளை உருளையில் போட்டுச் சுழலவிட்டுக்கொண்டிருந்தான். உதிர்வுச் சோதனை. நாலு நிமிஷத்தில் நூறு சுற்று, ஒரு சதவீதத்துக்கு மேல் எடை குறையக் கூடாது. இவனுக்கு 1.3 வந்தது. "பைண்டர் பத்தல மேடம், திரும்பக் குருணை பண்ணணும்" என்றான், வெட்கமே படாமல். பைண்டர் என்றால் அந்த ஒட்டும் கூழ்தான். நோட்டில் அந்த 1.3-ஐ அப்படியே எழுதியும் வைத்திருந்தான். ரெக்கார்டு நோட்டில் எல்லோருக்கும் 0.6 வந்திருந்தால் நான் அப்போதே கிளம்பியிருப்பேன். சிங்க்கில் ஈரம், ஓரத்தில் கழுவாத பீக்கர்.

குறை இல்லாமலில்லை. நூலகத்தில் பார்மகாலஜி புத்தகங்கள் பழைய பதிப்பு. ஹாஸ்டல் பாத்ரூம் பற்றிப் பேசாமலிருப்பதே நல்லது. ஜிபாட் என்ற தகுதித் தேர்வில் தேறி எம்.பார்ம் மேற்படிப்புக்குப் போனால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு என்று நான் சொல்லித்தான் பிள்ளைக்குத் தெரிந்தது, அங்கே யாரும் வாய் திறக்கவில்லை. நாலு ஸ்டாரில் அரை குறைத்துக்கொள்கிறேன்.

இப்போது விஷயம் கவுன்சிலிங்கில் நிற்கிறது. பி.பார்முக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். மதுரை, சென்னை மருத்துவக் கல்லூரிகளோடு சேர்ந்த அரசு பார்மசி கல்லூரிகளை முதல் இரண்டாகவும், ஈர சிங்க் கல்லூரியை மூன்றாவதாகவும் எழுதி வைத்திருக்கிறோம். கண்ணாடிக் கட்டடத்திலிருந்து அண்ணனுக்குத் தினம் இரண்டு போன் வருகிறது. நம்பரை என்னிடம் கொடு, நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.