மில்லுக்கு மெயின்டெனன்ஸ் சாஃப்ட்வேர் வாங்கி ஒன்றரை வருஷம்: எங்க அனுபவம், 5க்கு 3.5

ரெண்டு மூணு மில்லுக்காரங்க போன் பண்ணி இந்த சாஃப்ட்வேர் எப்படி இருக்கு, வாங்கலாமான்னு கேக்குறாங்க, தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே இடத்துல எழுதிடறேன். நான் உடுமலை பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டெனன்ஸ் பாக்குறேன், சுமார் 25,000 ஸ்பிண்டில், பஞ்ச பிரிக்கிற புளோரூம்ல இருந்து நூல கோன்ல சுத்துற ஆட்டோகோனர் வரைக்கும் எல்லாம் நம்ம தலையில. வாங்குனது என்னன்னா, மெஷின் லிஸ்ட், வொர்க் ஆர்டர், ஸ்பேர்ஸ், அதோட மோட்டார்ல ஒட்டுற வைப்ரேஷன் சென்சார், எல்லாம் சேர்ந்த ஒரு மாச சந்தா சர்வீஸ். கம்பெனி பேரு போடல. கான்ட்ராக்ட் இன்னும் ஓடுது, அது ஒண்ணு. இன்னொண்ணு, இதே மாதிரி நாலஞ்சு டெமோ பாத்தேன், நான் திட்டப்போற விஷயம் எல்லாத்துலயும் இருக்கு.

முன்னாடி எங்ககிட்ட இருந்தது நீட்டு லாக் புக்கு. "ஆர்எஃப் 14 பேரிங் சவுண்டு, மாத்தியாச்சு"ன்னு ஒரு வரி, ஆர்எஃப்னா ரிங் ஃபிரேம், நூல் முறுக்குற மெஷின். எந்த பேரிங், எந்த எண்டு, போன தடவை எப்ப மாத்துனோம், ஒண்ணும் இருக்காது. முதலாளி வந்து "ஏனுங்க, இந்த கம்ப்ரசரை வச்சுக்கலாமா மாத்திடலாமா"ன்னு கேட்டா யாரு சத்தமா பேசுறாங்களோ அவங்க சொல்றது தான் முடிவு, இல்லைன்னா போன வாரம் எது நின்னு மானத்த வாங்குச்சோ அதுக்கு தான் பணம் போகும். அத மாத்தணும்னு தான் இத வாங்குனதே.

இன்ஸ்டலேஷன் மூணு வாரம்னாங்க. நாலு மாசம் ஆச்சு. அவங்க மேல மட்டும் தப்பு சொல்ல முடியாது, எங்க ஸ்டோர்ஸ் லட்சணம் அப்படி. 6205 பேரிங் ஒண்ணே நாலு பேருல நாலு ரேக்குல கிடந்துச்சு, ஒண்ணு வெறும் 6205, ஒண்ணு 2இசட், ஒண்ணு இசட்இசட், ஒண்ணு "25 எம்எம் பேரிங்". 2இசட்டும் இசட்இசட்டும் ரெண்டு பக்கமும் தகடு மூடுனது, கம்பெனிக்கு கம்பெனி எழுதுற விதம் தான் வேற, சாமான் ஒண்ணு தான். ஆனா சிஸ்டத்துல தனித்தனியா இருந்ததால ஒரு பேருல ஸ்டாக் பூஜ்ஜியம்னு காட்டி ஆர்டர் போடுவோம், பக்கத்து ரேக்குல இருபது தூங்கும். இத சுத்தம் பண்ணதுக்கே சாஃப்ட்வேர் காசுல பாதி வந்துடுச்சுன்னு ஸ்டோர்கீப்பர் சொல்றாரு, கொஞ்சம் கூட்டி தான் சொல்றாரு, ஆனாலும் பாயின்ட் சரி.

மெஷின் லிஸ்ட் போட வந்த தம்பி படு ஆர்வம், ஒவ்வொரு ஸ்பிண்டிலையும் தனி அசெட்டா போடலாம் சார்ங்கறான். 25,000 ஐட்டம்! யாரு தம்பி மெயின்டெயின் பண்றதுன்னேன். கடைசில மெஷின், அதுக்குள்ள கியர் எண்டு, டிராஃப்டிங், ஸ்பிண்டில் டிரைவ், நியூமாஃபில், ஆஃப் எண்டுன்னு பெரிய பாகமா பிரிச்சு, அதோட நிறுத்திட்டோம். புதுசா வாங்குறவங்க இத ஞாபகம் வச்சுக்கங்க, எந்த லெவலுக்கு கீழ நீங்க தனியா முடிவு எடுக்கப் போறதில்லையோ அதுக்கு கீழ பிரிக்காதீங்க.

இப்ப மெயின் கதைக்கு வரேன்.

எங்க மில்லுல டிபார்ட்மென்டுக்குள்ள செல்போன் கூடாது, பெரும்பாலான மில்லுல அப்படித்தான். அதனால டிபார்ட்மென்டுக்கு ஒரு டேப் வாங்கி மெயின்டெனன்ஸ் டேபிள்ல வச்சோம். ஃபிட்டர் என்ன பண்ணுவாரு, மெஷின் நின்னா ஓடி வந்து டேப்ல டைப் பண்ணிட்டா போவாரு? ஸ்பேனர எடுத்துட்டு தான் போவாரு. ஷிப்ட் முடிய 2 மணி, 1.50க்கு எல்லாரும் டேப் முன்னாடி கியூ, அன்னிக்கு பாத்த அத்தனை வேலையும் ஒரே மூச்சுல ஏறும். விளைவு, முதல் மாச ரிப்போர்ட்ல ஒரு பிரேக்டவுன் சரி பண்ண சராசரியா 3 நிமிஷம்னு வந்துச்சு. மூணு நிமிஷத்துல பேரிங் மாத்துற மில்லு உலகத்துல எங்கயும் இல்ல, எங்களுக்கு அவார்டே தரணும்.

அது கூட பரவால்ல, சிரிச்சுட்டு போயிடலாம். அடுத்தது தான் வினை. வேலைய முடிச்சு மூடும்போது காரணம்னு ஒரு லிஸ்ட் வரும், அதுல 64 காரணம், இங்கிலீஷ் எழுத்து வரிசைல. முதல்ல நிக்குறது அலைன்மென்ட், அதாவது மோட்டார் தண்டும் மெஷின் தண்டும் ஒரே நேர்ல இல்லைங்கறது. வீட்டுக்கு போற அவசரத்துல இருக்குற மனுஷன் எத அமுக்குவாரு? மூணு மாசம் கழிச்சு டேஷ்போர்டுல பெரிய பை சார்ட், கலரு கலரா, எங்க மில்லோட நம்பர் ஒன் பிரச்சனை அலைன்மென்ட்! அவங்க கன்சல்டன்ட் மீட்டிங்ல அத போட்டு காட்டி, லேசர் அலைன்மென்ட் கிட் வாங்குங்க, டீமுக்கு டிரெய்னிங் கொடுங்கன்னு சொல்லி, முதலாளி தலைய ஆட்டி, கொட்டேஷன் வரைக்கும் போயிடுச்சு. எனக்கு மனசு ஒப்பல. எங்க மெஷின்ல முக்காவாசி பெல்ட் டிரைவ், ரெண்டு தண்டையும் நேரா இணைக்கிற கப்ளிங் போட்டு ஓடுறதே கொஞ்சம் தான், எப்படிங்க அலைன்மென்ட் முதலிடம் வரும்? நைட் ஷிப்ட் ஃபிட்டர் ஒருத்தர கேட்டேன். "அது தாங்க சார் மேல இருக்குது"ன்னாரு, அவ்ளோ தான் விசாரணை.

அன்னைக்கு புரிஞ்சது, லாக் புக்கு பொய் சொல்லாது, அதுல விஷயமே இருக்காது, அவ்வளவு தான். இது பொய்ய கலர்ல சொல்லும்.

அப்புறம் நாங்களே உக்காந்து மாத்துனோம். 64 காரணத்த தூக்கிட்டு மெஷினுக்கு ஏத்த மாதிரி ஏழெட்டு மட்டும் வச்சோம், பஞ்ச சீவுற கார்டிங்குக்கு வேற, ஆட்டோகோனருக்கு வேற, "தெரியல"ங்கறதையும் ஒண்ணா வச்சோம், அது ரொம்ப முக்கியம், தெரியலன்னு சொல்ல வழி இல்லைன்னா ஏதாவது ஒண்ண அமுக்கத்தான் செய்வாங்க. நின்ன நேரத்த ஃபிட்டர்கிட்ட கேக்கறதையே விட்டுட்டோம், ரிங் ஃபிரேம்லயும் கார்டிங்லயும் மெஷின் பேனல்லயே அந்த நேரம் இருக்கு, சூப்பர்வைசர் அதப் பாத்து போடுறாரு. இந்த மாத்தமெல்லாம் பண்ணித்தர சப்போர்ட் டீமுக்கு ஆறு வாரம் ஆச்சு, எட்டு மெயில், ஒவ்வொரு தடவையும் புது ஆள் வந்து முதல்ல இருந்து கேப்பாரு. சப்போர்ட்டுக்கு 5க்கு 2 தான்.

தமிழ்ல வேணும்னு கேட்டதுக்கு ஒரு அப்டேட் விட்டாங்க பாருங்க, பேரிங்க "தாங்கி"ன்னு போட்டு, பெல்ட்ட "கச்சை"ன்னு போட்டு, வொர்க் ஆர்டர "வேலை ஆணை"ன்னு போட்டு... ஃபிட்டருங்க ஒரு வாரம் அதையே சொல்லி ஒருத்தர ஒருத்தர் கலாய்ச்சுட்டு இருந்தாங்க. "ஏப்பா கச்சை அறுந்துருச்சு"ன்னு கத்துனா யாருக்கு புரியும். பழையபடி இங்கிலீஷ்லயே வச்சுட்டோம். உருப்படியா இருக்குறது வாய்ஸ் நோட், பேசிட்டு போனா போதும், ஒடிசா, பீகார் பசங்க ஹிந்தில பேசிட்டு போறாங்க, சூப்பர்வைசர் கேட்டு டைப் பண்ணிக்கறாரு. இந்த ஒரு வசதிக்கு முழு மார்க்.

சென்சார் விஷயம். 40 போட்டோம், மெஷின் பழுதாகறத முன்கூட்டியே ஏஐ சொல்லிடும்னு தான் வித்தாங்க. போட்ட முதல் வாரம், ஷெட்டுல ஈரப்பதம் காக்குற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேன்ல இருந்து ராத்திரி பூரா அலாரம். எல்லா மெஷினுக்கும் ஒரே லிமிட், செகண்டுக்கு 4.5 மில்லிமீட்டர்னு செட் பண்ணிட்டு போயிருக்காங்க. ஐஎஸ்ஓ 10816ன்னு மெஷின் அதிர்வுக்கு இருக்குற ஸ்டாண்டர்ட் டேபிள எடுத்து பாத்தா எங்க சைஸ் மோட்டாருக்கு கெட்டியான ஃபவுண்டேஷன்ல தான் 4.5க்கு மேல போனா ஆபத்து, ஸ்பிரிங் மேல உக்காந்திருக்குற ஃபேனுக்கு அதே எல்லை 7.1. இது மெயின்டெனன்ஸ்ல இருக்குறவங்களுக்கு அடிப்படை. அலாரம் பத்து தடவை பொய்யா அடிச்சா பதினோராவது தடவை யாரும் எந்திரிச்சு போக மாட்டாங்க, புலி வருது கதை தான்.

லிமிட்ட சரி பண்ணப்புறம் அதே ஃபேன்ல ஒரு நல்ல காரியமும் நடந்துச்சு, அதையும் சொல்லணும். ஏப்ரல் மாசம் ஒரு சப்ளை ஃபேன் பேரிங்ல ரீடிங் மூணு வாரமா மெதுவா ஏறிட்டே இருந்தத காட்டுச்சு, வார லீவுல கழட்டி பாத்தா அவுட்டர் ரேஸ்ல (பேரிங்கோட வெளி வளையத்துல) குழி. வெயில் காலத்துல அந்த ஃபேன் நடு ஷிப்ட்ல நின்னிருந்தா ஷெட்டுல ஈரப்பதம் இறங்கி, ரிங் ஃபிரேம் பூரா நூல் அறுந்து, அறுந்த நூல ஒட்டுற சைடர் புள்ளைங்க அழுதிருக்கும். அந்த மாதிரி ஒண்ணு நின்னா எல்லாம் நிக்கும்ங்கற இடத்துக்கு சென்சார் சரி. ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன், கம்ப்ரசர், வேஸ்ட் கலெக்ஷன் பெரிய ஃபேன், எங்க கணக்குக்கு 9 இடம். மீதி 31 தண்டம்.

"ஹெல்த் ஸ்கோர் 87"ன்னு ஒரு நம்பர் காட்டும், 87 ஏன், 86 ஏன் இல்லைன்னா அவங்களுக்கே பதில் தெரியல. அத நான் பாக்கறதே இல்ல.

சரி இவ்வளவு திட்டிட்டு எதுக்கு 3.5? ரெண்டு முடிவு, ரெண்டுமே ஏஐ சொன்னதில்ல, சும்மா ஒழுங்கா எழுதி வச்சதுல இருந்து வந்தது.

முதல்ல கம்ப்ரசர். காத்து பத்தல, இன்னொரு 90 கிலோவாட் மெஷின் வாங்கணும்னு ஒரு வருஷமா பேச்சு. சாஃப்ட்வேர்ல தினமும் லோட் அவர் (காத்து அழுத்துற நேரம்), அன்லோட் அவர் (சும்மா சுத்துற நேரம்) ரீடிங் போட வச்சோம், அது ஒரு சின்ன ஃபார்ம், அவ்ளோ தான். தீபாவளி லீவுல மில்லே நின்னிருக்கு, காத்து இழுக்குற ஆட்டோகோனர் ஒண்ணு கூட ஓடல, ஆனா அந்த நாள்ல லோட் அவர் ஏறிருக்கு! ஆளே இல்லாத வீட்டுல கரண்ட் மீட்டர் ஓடுற மாதிரி. அடுத்த லீவுல நானே நின்னு ஸ்டாப்வாட்ச் வச்சு பாத்தேன், 38 செகண்ட் லோடு, 72 செகண்ட் அன்லோடு. 38ஐ மொத்தம் 110ஆல வகுத்தா 34 சதவீதத்துக்கு மேல, அதாவது கம்ப்ரசர் தர்ற காத்துல மூணுல ஒரு பங்கு சும்மா வெளிய போகுது. ஆட்டோகோனர்ல நூல காத்தடிச்சு ஒட்டுற ஸ்பிளைசருக்கு போற பியூ டியூப் (பிளாஸ்டிக் காத்துக் குழாய்) ஃபிட்டிங் தான் பாதி. 7 பார்ல 3 எம்எம் ஓட்டை ஒண்ணு இருந்தாலே 3, 4 கிலோவாட் காலி. ரெண்டு மாசம் லீக் அடைச்சோம், புது கம்ப்ரசர் பேச்சு போயிடுச்சு.

ரெண்டாவது மோட்டார். ரிங் ஃபிரேம் மோட்டார் எரிஞ்சா ரீவைண்டிங்குக்கு (உள்ள ஒயர புதுசா சுத்த) அனுப்பிட்டு ஸ்பேர் மோட்டார மாட்டுவோம், அது திரும்பி வந்தா வேற மெஷினுக்கு போகும். பழைய லாக் புக்குல மெஷின் நம்பர் தான் இருக்கும், எந்த மோட்டார் எங்கெங்க சுத்துச்சுன்னு தெரியாது. இப்ப மோட்டாருக்கே நம்பர் பஞ்ச் பண்ணி, போற இடமெல்லாம் ஏறுது. பழைய ரீவைண்டிங் பில்ல எல்லாம் தேடி சீரியல் நம்பர் வச்சு ஏத்துனப்ப தெரிஞ்சுது, ஒரே 55 கிலோவாட் மோட்டார் நாலு தடவை ரீவைண்டிங் போயிருக்கு. நல்லா செஞ்சா எஃபிஷியன்சி பெருசா குறையாது, ஆனா நெருப்புல போட்டு பழைய ஒயர எரிச்சு எடுக்குற இடத்துல கொடுத்தா கோர் (உள்ள இருக்குற இரும்புத் தகடு அடுக்கு) கெட்டு குறையும். 94 இருந்தது 92 ஆச்சுன்னு வைங்க, 90 சதவீத லோடுல, வருஷம் 8,400 மணி நேரம் ஓடுனா கிட்டத்தட்ட 9,600 யூனிட் கூட. யூனிட் 8 ரூபான்னா 77 ஆயிரம், ஒரு மோட்டாருக்கு, வருஷா வருஷம். இப்ப எங்க ரூல், ரெண்டு ரீவைண்டிங், மூணாவது தடவை எரிஞ்சா ஐஇ3 (கரண்ட் கம்மியா இழுக்குற ரகம்) புதுசு. முதலாளியும் கேள்வி கேக்கறதில்ல, ஹிஸ்டரிய தொறந்து காட்டிடறேன்.

இன்னொண்ணு, விக்க வர்றவங்க எல்லாரும் ஒரு ஸ்லைடு காட்டுவாங்க, வயசாகறதால வர்ற பழுது வெறும் 11 சதவீதம், அதனால நாள் கணக்கு வச்சு பண்ற மெயின்டெனன்ஸ் வீண்னு. அது 1978ல நவ்லான், ஹீப்னு ரெண்டு பேரு ஏரோப்ளேன் பார்ட்ஸ வச்சு எழுதுன ரிப்போர்ட்ல வர்ற கணக்கு. ஏரோப்ளேன்ல காட்ஸ் பஃபிங் (ரப்பர் ரோலர தேச்சு சமமாக்குறது) இருக்கா, டிராவலர் (ரிங்குல ஓடுற குட்டி வளையம்) இருக்கா, கார்டு ஒயர் (பஞ்ச சீவுற கம்பிப் பல்லு) இருக்கா? இதெல்லாம் தேஞ்சே தான் போகும், நாள் கணக்குல தான் பாக்கணும். அத நம்பி ஷெட்யூல குறைச்சுடாதீங்க.

வாங்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா கேக்க வேண்டியது, டேட்டா யாருது? நாங்க கேக்கல. இப்ப ஹிஸ்டரிய எக்செல்ல குடுங்கன்னா பிடிஎஃப் தான் வரும்ங்கறாங்க, ஆயிரக்கணக்கான வொர்க் ஆர்டர பிடிஎஃப்ல வச்சு நான் என்ன பண்றது, வடை மடிக்கவா? ரினிவல்ல இது தான் சண்டை. ஐயாயிரம் ஸ்பிண்டில் மாதிரி சின்ன யூனிட்டுன்னா ஒரு எக்செல் ஷீட்டும், ஒழுங்கா உக்காந்து போட ஒரு ஆளும் போதும். கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் துணை இருந்தா ஈஆர்பிநெக்ஸ்ட்னு ஒரு சாஃப்ட்வேர் ஓப்பன் சோர்ஸ்ல கிடைக்குது, அதுல அசெட் மெயின்டெனன்ஸ் இருக்கு, முயற்சி பண்ணி பாருங்க.

நாங்க அடுத்த மாசம் ரினியூ பண்றோம், சென்சார் 9 மட்டும், எக்செல் எக்ஸ்போர்ட்ட அக்ரிமென்ட்ல எழுதிக் குடுத்தா. மெஷின்ல ஒட்டுற க்யூஆர் ஸ்டிக்கர் ஓசில தர்றாங்கன்னு சந்தோஷப்படாதீங்க, எண்ணெயும் பஞ்சும் பட்டு ரெண்டே மாசத்துல உரிஞ்சுடும், அலுமினியம் தகடுல அடிச்சு ரிவெட் பண்ணிடுங்க. டேபுக்கு சார்ஜர் ஓட்டைய மூடுற மாதிரி கவர் பாத்து வாங்குங்க, எங்களுக்கு பஞ்சு போயே ரெண்டு டேப் போச்சு.