கோட்டைமுனைத் திருத்தகத்தில் என் கணினி தங்கிய நாட்கள்

மட்டக்களப்பின் கல்லடியில் வசிக்கும் நான், திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் எடுக்கப்படும் காணொளிகளைத் தொகுத்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன். அதற்காக 2020ஆம் ஆண்டில் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி நானே பொருத்திய கணினி, நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தொந்தரவும் தராமல் உழைத்துவிட்டுக் கடந்த ஆடி மாதத்தில் திடீர் திடீரென்று நின்றுபோகத் தொடங்கியது. மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தக் காணொளியைத் தொகுத்து முழுக் கோப்பாக வெளியாக்கும் வேலை மூன்று தடவை 80 வீதத்தைத் தாண்டியதும் அறுந்துபோனது. ஒரு நாள் நீலத் திரை தோன்றும். மறுநாள் எந்த அறிவிப்பும் இல்லாமல் கணினி அணைந்து தானாக மீண்டும் எழும்பும். அதற்கடுத்த இரண்டு நாட்கள் ஒன்றுமே நடவாதது போல இயங்கும்.

கோட்டைமுனையில் உள்ள ஒரு சிறிய கணினித் திருத்தகத்தைப் பற்றியே இதை எழுதுகிறேன். எனினும் அங்கு போவதற்கு முன் நகரின் வேறொரு கடைக்கு இரண்டு தடவை போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கடையின் பெயரைச் சொல்வது என் நோக்கமல்ல. முதல் தடவை விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை மீண்டும் அதையே செய்ததுடன், றாம் எனும் தற்காலிக நினைவகப் பலகைகளைக் கழற்றி அவற்றின் தொடுமுனைகளை அழிறப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினார்கள். ஒரு கிழமை நன்றாக ஓடியது. பழையபடி நின்றபோது, றாம் பழுதாகிவிட்டது, நான்கையும் புதிதாக வாங்க வேண்டும் என்றார்கள். எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேட்டதற்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

கோட்டைமுனைக் கடையில் இருப்பவர் ஒருவரே. முப்பது வயது மதிக்கத்தக்க அந்தத் தம்பி, பெட்டியைத் திறப்பதற்கு முன் கால் மணித்தியாலம் கேள்விகளே கேட்டார். “அண்ணன், நீலத் திரை வந்து நிக்குதா, இல்லாட்டி கரண்ட் போன மாதிரி ஒரேயடியா அணையுதா?” என்பது முதற்கேள்வி. இரண்டும் நடக்கிறது என்றேன். கடைசியாகப் புதிதாகப் பொருத்திய பாகம் எது, எப்போது பொருத்தினீர்கள் என்பது அடுத்த கேள்வி. சித்திரை மாதத்தில் கொழும்பிலிருந்து தருவித்த இரண்டு 8 ஜீபி றாம்களைப் பழைய இரண்டுடன் சேர்த்து 32 ஜீபியாக்கியதை அப்போதுதான் நினைவுகூர்ந்தேன். முதற்கடையில் இதை எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு கணினியில் நடந்தவற்றின் பதிவேடான விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, எனக்கு இதுவரை தெரிந்திராத ஒன்றைக் காட்டினார். கணினி முறையாக மூடப்படாமல் நின்ற ஒவ்வொரு தடவையும் கேர்னல் பவர் 41 என்ற பதிவு விழுகிறது. பலர் அந்தப் பெயரைப் பார்த்தவுடனேயே பவர் சப்ளையைக் குற்றஞ்சாட்டிவிடுகிறார்கள். உண்மையில் அப்பதிவு, கணினி ஒழுங்காக மூடப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது; காரணத்தைச் சொல்வதில்லை. ஆனால் அதன் விவரங்களுக்குள் பிழையின் வகையைக் காட்டும் பக்செக் கோட் என்ற ஓர் எண் இருக்கிறது. என் கணினியின் பதிவுகளில் சிலவற்றில் அந்த எண் 26 என்றும் சிலவற்றில் 10 என்றும் இருந்தது. வேறு சிலவற்றில் வெறும் பூச்சியம். 26 என்பது நினைவக மேலாண்மைப் பிழை. 10 என்பது பாகங்களை இயக்கும் ட்ரைவர் மென்பொருளோ பழுதான நினைவகமோ தவறான இடத்தைத் தொடும்போது பெரும்பாலும் எழுவது. பூச்சியம் என்றால், நீலத் திரையை எழுப்பி அதைப் பதிவு செய்யக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. “இது ஒரு வருத்தம் இல்ல அண்ணன், ரெண்டு” என்றார். மூன்று மாதமாக ஒரே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு வசனத்தின் பெறுமதி பெரிது.

அடுத்த சில நாட்கள் கணினி கடையிலேயே இருந்தது. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் ட்ரைவில் ஏற்றி, விண்டோஸுக்கு வெளியே, முதலில் நான்கு றாம்களையும் ஒன்றாகச் சோதித்திருக்கிறார். சிவப்பு வரிகள் வந்தன. நினைவகச் சோதனையில் ஒரு பிழை வந்தாலே அது தோல்விதான். இத்தனைக்குள் இருந்தால் பரவாயில்லை என்ற கணக்கு அங்கே கிடையாது. பெரும்பாலான கடைகளில் சோதனை அத்தோடு முடிந்து, றாம் பழுது என்ற தீர்ப்பு வந்திருக்கும். இவரோ ஒவ்வொரு றாமையும் தனித்தனியாக, ஒரே துளையில் பொருத்தி, ஒவ்வொன்றையும் ஓர் இரவு முழுக்க ஓடவிட்டிருக்கிறார். நான்கும் தனித்தனியே ஒரு பிழையுமில்லாமல் தேறின. பழைய இரண்டையும் சேர்த்துப் போட்டபோதும் தேறின. நான்கும் கூடும்போது மட்டுமே பிழை வந்தது.

ஆக, எந்த றாமும் பழுதில்லை. என்னுடைய செயலி ரைசன் 5 3600. அதில் இரண்டு றாம்கள் இருந்தால் 3200 வேகம் வரைக்கும் செயலியின் தயாரிப்பாளரான ஏஎம்டி உறுதியளிக்கிறது. நான்கு பொருத்தினால் அந்த உறுதி 2933க்கும், றாமின் அமைப்பைப் பொறுத்து 2667க்கும் இறங்கிவிடும். நானோ, பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருப்பதை நம்பி, கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயோஸில் எக்ஸ்எம்பியை இயக்கி, வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டு சோடிகளை அந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எக்ஸ்எம்பி என்பது றாம் தயாரிப்பாளர் தன் சோடிக்குத் தரும் அமைப்பு. இரண்டு சோடிகளைக் கலந்து நான்கு துளைகளையும் நிரப்பினால் அது அப்படியே பொருந்தும் என்று எவரும் உறுதி தரவில்லை. முதற்கடையில் தேய்த்த பின் ஒரு கிழமை ஓடியது ஏன் என்றும் கேட்டேன். கழற்றிப் பொருத்தும்போது தொடுமுனைகளில் படிந்தது சற்று விலகும், கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இது வழக்கம், ஆனால் அழிறப்பரால் அடிக்கடி தேய்த்தால் மெல்லிய பொன்முலாம் தேய்ந்துபோகும் என்றார்.

வேகத்தை 2666க்கு இறக்கி, நான்கையும் ஓர் இரவும் ஒரு பகலும் ஓட்டி, பிழை பூச்சியம் என்று காட்டும் திரையைத் தன் கைபேசியில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். இரண்டு றாம்களைக் கழற்றிவிட்டு 3200இலேயே வைத்துக்கொள்ளலாம் என்ற மாற்றுவழியையும் சொன்னார். தொகுப்பு வேலைக்கு வேகத்தைவிடக் கொள்ளளவே முக்கியம் என்பதால் நான் 32 ஜீபியைத் தெரிவுசெய்தேன். தொகுத்த காணொளியைக் கணினி கோப்பாக வெளியாக்க எடுக்கும் நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் எதுவுமில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த மூன்றாம் நாள் மாலை, கணினி மீண்டும் சட்டென அணைந்தது. கோபத்துடன் தொலைபேசியில் அழைத்தேன். பக்செக் எண்ணைப் பாருங்கள் என்றார்; பார்த்தேன், பூச்சியம். அணைந்த நேரங்களை நான் கொப்பியில் குறித்துவைத்திருந்தேன். பூச்சியம் பதிவான எல்லாமே மாலை 7 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடைப்பட்டவை. மின்சாரம் போனால் மின்கலத்தில் கணினியைச் சற்று நேரம் இயக்கும் யூபிஎஸ்ஸை எடுத்து வரச் சொன்னார். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் வாங்கிய யூபிஎஸ் அது.

கடையில் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. யூபிஎஸ்ஸில் ஒரு குண்டு மின்குமிழைச் செருகி எரியவிட்டு, சுவரிலிருந்த பிளக்கை உருவினார். குமிழ் ஒரு கணம் மங்கி அணைந்தது. பிறகு உள்ளிருந்த 12 வோல்ட் மின்கலத்தைக் கழற்றி மீற்றரால் அளந்தார். சும்மா இருக்கும்போது 12.4, சுமை கொடுத்த மறுவிநாடி 9க்குக் கீழே விழுந்தது. சும்மா அளந்து பார்ப்பவர் மின்கலம் நலமாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார். மாலையில் வீடுகள் எல்லாம் விளக்கேற்றும் நேரத்தில், பக்கத்து வளவில் தண்ணீர் மோட்டரும் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் சற்று இறங்குகிறது, யூபிஎஸ் கடமையைச் செய்ய மின்கலத்துக்கு மாறுகிறது, மின்கலத்தில் வலு இல்லை, கணினி இருண்டுவிடுகிறது. காப்பதற்கென்று வாங்கிய பொருளே அணைத்துக்கொண்டிருந்தது. ஈயஅமில மின்கலங்கள் நம் ஊர் வெக்கையில் மூன்று ஆண்டுகளைத் தாண்டுவதே பெரிய காரியம் என்றார். புதிய மின்கலம் போட்ட பின் இன்றுவரை இரண்டு மாதமாக ஒரு தடவைகூடக் கணினி நிற்கவில்லை.

சோதனைக்கு 4,000 ரூபாய் வாங்கினார்; மின்கலத்துக்கு மட்டும் தனியாகக் கொடுத்தேன். எந்தெந்தச் சோதனை எத்தனை மணித்தியாலம் ஓடியது, விளைவு என்ன என்பதை அரைத் தாளில் கையால் எழுதித் தந்தார். நான்கு றாம்களை விற்று இலாபம் எடுத்திருக்கக்கூடிய ஒருவர், அவை நல்லவை என்று நிரூபித்துத் திருப்பித் தந்ததை நான் மறக்க மாட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. என்னைக் கேட்காமலே பயோஸைப் புதுப்பித்துவிட்டார். விசிறிகளுக்கு நான் வைத்திருந்த அமைப்புகள் அழிந்துபோயின. இடையில் மின்சாரம் போனால் தாய்ப்பலகையே செயலற்றுப்போகக்கூடிய வேலை அது. தன் கடையின் யூபிஎஸ்ஸில் வைத்தே செய்ததாகச் சொன்னாலும், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வேலையில் மூழ்கிவிட்டால் தொலைபேசியை எடுப்பதில்லை. பாகங்களைக் கையிருப்பில் வைத்திருப்பதில்லை. மின்கலம் வர இரண்டு நாள் காத்திருந்தேன். அன்றைக்கே வேண்டும் என்று அவசரப்படுபவர்களுக்கு இந்தக் கடை சரிவராது.

அங்கு போகிறவர்கள் பெட்டியுடன் யூபிஎஸ்ஸையும், வீட்டில் பாவிக்கும் நீட்டிப்பு வயரையும், கணினி நின்ற நேரங்களைக் குறித்த தாளையும் முதல் நாளே கொண்டுசெல்லுங்கள். கல்லடிப் பாலத்தைக் கடந்து இரண்டாவது தடவை ஓட்டோவில் போன செலவு எனக்குத் தேவையில்லாமல் வந்தது.