குழல் மாறியது, மஸில் பிரேக் அதேதான்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

என் போட்டி ரைஃபிளின் எடை கிட்டத்தட்ட 9 கிலோ. தோட்டா 6 எம்எம் விட்டமுள்ள குண்டு போகும் டேஷர் வகை. இந்த எடைக்கு இந்தத் தோட்டாவின் உதை தோளில் யாரோ தட்டிக் கூப்பிடுகிற அளவுதான். மஸில் பிரேக் என்பது குழல் முனையில் திருகி மாட்டும் துளைகளுள்ள துண்டு; வெடிவாயுவைத் திருப்பிவிட்டு உதையைக் குறைக்கும். "அப்புறம் எதுக்குங்க மஸில் பிரேக்?" என்று டெக்சஸில் நான் சுடப் போகிற இடத்துக்குப் புதிதாக வரும் நம் ஆட்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. தோள் வலிக்காக யாரும் இந்தப் போட்டியில் பிரேக் மாட்டுவதில்லை, கண்ணுக்காக மாட்டுகிறார்கள்.

பிரிசிஷன் ரைஃபிள் சீரீஸ், சுருக்கமாக பிஆர்எஸ், 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய போட்டித் தொடர். மரத் தடுப்பு, பாறை, கூரை என்று எதன் மேலாவது துப்பாக்கியைச் சாய்த்து, பெரும்பாலும் 90 நொடிக்குள் பத்து குண்டு வரை சுட வேண்டும். இலக்கு பல நூறு கஜம் தள்ளி நிற்கும் இரும்புத் தகடு. 600 கஜத் தகட்டுக்கு என் குண்டு போய்ச் சேர முக்கால் நொடி ஆகும். அந்த முக்கால் நொடியும் ஸ்கோப்பில் தகடு தெரிந்துகொண்டே இருந்தால், குண்டு இடப்பக்கம் மண்ணைக் கிளப்பியதா, தகட்டின் ஓரத்தில் பட்டதா என்று நானே பார்த்து அடுத்த குண்டுக்குக் காற்றுத் திருத்தம் வைப்பேன். உதையில் ஸ்கோப் ஒரு துள்ளு துள்ளினால் போச்சு, அடுத்த குண்டும் குருட்டாம்போக்குதான்.

பிரேக் செய்கிற வேலை எளிது. உதையை உண்டாக்குவது குண்டு மட்டுமில்லை, அதன் பின்னாலேயே குண்டைவிட வேகமாகச் சீறி வரும் வாயுவும்தான். 105 கிரெய்ன் குண்டு, 32 கிரெய்ன் பவுடர் (கிரெய்ன் என்பது துப்பாக்கிக்காரர்களின் சின்ன எடை அளவு) என்று கணக்குப் போட்டால் மொத்த உந்தத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வாயுவுடையது. குண்டின் பங்கை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. வாயுவைப் பக்கவாட்டில் திருப்பினால் அதன் பங்கு பெருமளவு குறையும். கொஞ்சம் பின்பக்கமாகத் திருப்பினால் அது துப்பாக்கியை முன்னே இழுக்கவும் செய்யும். விளம்பரங்களில் 50 சதவீதம், 60 சதவீதம் என்று போடுகிறார்களே, அதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது பெரும்பாலும் உதையின் ஆற்றல் கணக்கு. உந்தம் 30 சதவீதம் குறைந்தாலே ஆற்றல் பாதியாகிவிடும், வர்க்கக் கணக்கு என்பதால். பொய்யில்லை, ஆனால் காதுக்கு இனிமையாகத் தெரிகிற எண்ணை எடுத்துப் போடுகிறார்கள்.

நான் அந்த எண்களைப் பார்த்து வாங்கவில்லை. என் கவனம் துளைகள் எங்கே இருக்கின்றன என்பதில் இருந்தது. அடியில் துளை உள்ள பிரேக்கை எடுத்ததுமே ஒதுக்கிவிடலாம். படுத்துச் சுடும்போது டெக்சஸ் புழுதி முழுவதும் எழும்பி முகத்துக்கு நேரே நிற்கும், குண்டு எங்கே போனது என்று எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. மேல்பக்கத் துளை வேறு விஷயம். மேலே போகும் வாயு குழல் முனையைக் கீழே அழுத்தும். இலேசான வேட்டைத் துப்பாக்கியில் பெரிய தோட்டா போட்டுச் சுடுகிறவருக்கு அது வரம். கனமான ரைஃபிளில் 6 எம்எம் சுடுகிற எனக்கு அது அளவு மீறினால், தகடு ஸ்கோப்பில் மேலே ஏறிப் போய்விடும். கடனாக வாங்கிச் சுட்டுப் பார்த்த ஒன்றில் இப்படித்தான் ஆனது. உதை அபாரமாகக் குறைந்தது, பார்வை மட்டும் ஒவ்வொரு முறையும் கீழே முழுகி எழுந்தது. நேராகப் பின்னே வந்து நேராகத் திரும்பிப் போகிற உதைதான் வேண்டும். சற்றுக் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசியில் வாங்கியது அமெரிக்கன் பிரிசிஷன் ஆர்ம்ஸின் பிரேக். பெயர் லிட்டில் பாஸ்டர்ட். வீட்டில் பார்சலைப் பிரித்த என் மனைவி ரசீதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், அதை விடுங்கள். பக்கவாட்டுத் துளைகள், பின்பக்கம் ஒரு லாக் நட். அந்த நட்டுக்காகத்தான் இதை எடுத்தேன்.

நட்டின் அருமை புரிய மாட்டும் முறையைச் சொல்ல வேண்டும். இங்கே என்னுடையது போன்ற போட்டிக் குழலின் முனையில் வழக்கமாக வெட்டுவது 5/8-24 மரை, அதாவது 5/8 அங்குல விட்டம், ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று. சாதாரண பிரேக்கை முறுக்கிக்கொண்டே போனால் அது குழலின் தோளில், அதாவது மரை முடிந்து குழல் தடிக்கும் இடத்தில், முட்டி நிற்கும்; நிற்கிற இடத்தில் துளைகள் சரியாக இடமும் வலமும் பார்க்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கோணலாக நின்றால் உதையும் கோணலாக வரும். அதைச் சரிசெய்ய நடுவில் ஷிம் என்ற மெல்லிய உலோக வளையம் வைப்பார்கள். இந்த மரையில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள ஷிம் பிரேக்கை எட்டரை டிகிரிக்கு மேல் திருப்பிவிடும். நகம்கூட உணராத தடிமன் அது. பொறுமை இருப்பவர்கள் ஷிம் வைத்து அழகாக நிறுத்துவார்கள். நசுங்கும் வாஷரை மட்டும் துல்லியத் துப்பாக்கியில் போடாதீர்கள். அது ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் குறைவாக நசுங்கும், பிரேக் குழலுக்கு நேராக நிற்காது, குண்டு துவாரத்தின் விளிம்பை உரசிப் போகிற அபாயமும் உண்டு.

லாக் நட் பிரேக்கில் இந்தத் தலைவலி கிடையாது: வேண்டிய கோணத்தில் நிறுத்தி, பின்னால் உள்ள நட்டை இறுக்கிப் பூட்டிவிடலாம். மாட்டும்போது தோட்டா எல்லாம் வேறு அறையில். துப்பாக்கியின் போல்ட்டை (தோட்டாவைத் தள்ளி அறையை மூடும் பாகம்) கழற்றி, மரையை எண்ணெய் போகத் துடைத்து, மரை இறுகிப் பிடிக்காமலிருக்க ஆன்ட்டி-சீஸ் பசை லேசாகத் தடவுவேன். குழலை முனைக்குப் பக்கத்தில் வைஸில் பிடிக்க வேண்டும். ரிசீவரை (குழல் திருகி நிற்கும் துப்பாக்கியின் உடல்) பிடித்துக்கொண்டு முனையில் முறுக்கினால் அந்த முறுக்கு குழலும் ரிசீவரும் சேரும் மூட்டுக்குப் போகும். ஸ்கோப் ரெயிலின் மேல் ஒரு சின்ன ரசமட்டம், பிரேக்கின் தட்டையான முகத்தில் இன்னொன்று. இரண்டிலும் குமிழி நடுவில் வந்ததும் பிரேக்கை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு நட்டை டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளக்கும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். இறுக்கும் கடைசி நொடியில் குமிழி ஒரு மயிரிழை நகரும், மறுபடி தளர்த்தி அதற்கு இடம்விட்டு நிறுத்துங்கள். பிறகு சீரமைப்புக் கம்பியைக் குழலுக்குள் விட்டு முனையில் பார்ப்பேன்: கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி தெரிய வேண்டும். துவாரம் குண்டைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு அகலமாக இருப்பது வழக்கம், ஆகவே கோணல் இருந்தால் கண்ணுக்கே தெரியும். இந்தச் சோதனையைத் தாண்டாமல் ஒரு குண்டும் சுட வேண்டாம்.

மாட்டிய பிறகு குண்டு விழும் இடம் நகரும். முனையில் புது எடை வந்துவிட்டதே, குழல் அதிரும் விதம் மாறத்தான் செய்யும். என் ரைஃபிளில் ஸ்கோப் திருகின் சில கிளிக்குகள் அளவு நகர்ந்தது, குண்டுகள் சேர்ந்து விழும் குழுவின் அகலம் மாறவில்லை. சிலருக்குக் குழுவே விரியும். பவுடர் அளவைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும்.

நீண்டகாலத்தில் நட்டின் பலன் எங்கே வந்தது என்றால், குழல் மாற்றும்போது. போட்டிக் குழல் தேய்கிற பொருள். டேஷர் இரண்டாயிரத்துச் சொச்சம் குண்டு தாங்கும், 6 கிரீட்மூர் என்ற இன்னொரு தோட்டா வகைக்கு அதைவிடக் குறைவு. ஷிம் போட்ட பிரேக் என்றால் புதுக் குழலில் ஷிம் கணக்கு முதலிலிருந்து. எனக்கு ஒரு தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. மற்ற பராமரிப்பு கொஞ்சம்தான்: துளைகளின் முன்சுவரில் கரி கெட்டியாகப் படியும், நைலான் பிரஷ் போதும். குழல் சுத்தம் செய்யும்போது துணித்துண்டு பிரேக்குக்குள் கழன்று விழும், இழுத்தால் திரும்ப உள்ளே போகும். துளை வழியாக இடுக்கியால் எடுத்துவிட்டுத்தான் கம்பியைப் பின்னே இழுக்க வேண்டும். கரைசல் உள்ளே தேங்கி நிற்கும், முனையைக் கீழே சாய்த்து வைத்தால் வடியும்.

இனி குறை. சத்தம். 140 டெசிபலுக்கு மேல் ஒரே ஒரு வெடிச்சத்தம்கூடக் காதுக்குக் கேடு என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் எல்லை. ரைஃபிள் பிரேக் இல்லாமலே அதைத் தாண்டிவிடும். பிரேக் அந்த அதிர்வைப் பக்கத்தில் நிற்பவர் பக்கமும் உங்கள் பக்கமும் திருப்புகிறது. காதுக்குள் ஃபோம் அடைப்பான், அதன் மேல் காதுறை, இரண்டும் வேண்டும். தகரக் கூரையின் கீழ் பெஞ்சில் சுடும்போது மூக்கு எலும்பு வரை அதிர்கிறது. பக்கத்து பெஞ்சுக்காரர் தன் தோட்டாப் பெட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்து போனால் கோபிக்காதீர்கள். நான் இப்போதெல்லாம் கேட்காமலே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறேன்.

இந்தியாவில் போட்டிக்குச் சுடும் தம்பி தங்கைகள் இதைப் படித்து ஆசைப்பட வேண்டாம். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதிப்படி ரைஃபிளில் மஸில் பிரேக்குக்குத் தடை. அமெரிக்காவிலேயே எஃப்-கிளாஸ் என்ற தொலைதூர இலக்குப் போட்டியில் அனுமதி இல்லை.

சத்தத்தைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டும் சப்ரசர் பக்கம் இங்கே நிறையப் பேர் போகிறார்கள். 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும், ஆனால் 200 டாலர் வரி 2026 ஜனவரியிலிருந்து பூஜ்யமாகிவிட்டது. காதுக்கு அது நல்லது, சந்தேகமில்லை. ஆனால் வெயிலில் பத்து குண்டு சுட்டதும் சப்ரசர் கொதித்து, அதன் மேல் எழும் கானல் ஸ்கோப்புக்கு நேரே ஆடுகிறது. உதையும் நல்ல பிரேக் அளவுக்கு அடங்குவதில்லை. பயிற்சிக்கு ஒரு சப்ரசர் வாங்கலாம் என்றிருக்கிறேன். போட்டிக்கு இந்த பிரேக்தான், அடுத்த குழலுக்கும் 5/8-24 மரை வெட்டச் சொல்லியாயிற்று.