விண்டோஸை விட்டு வந்தாயிற்று, மென்பொருளை எங்கே எடுப்பது? ஆப்ட், பிளாட்பாக், ஸ்னாப், ஆப்இமேஜ்: ஓர் அலசல்

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஓ, இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சிப்புகளை ஒன்றிரண்டு விலக்குகள் தவிர முறைப்படி ஏற்பதில்லை. கிழக்கிலங்கையில் களுவாஞ்சிக்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை போட்டோக்கொப்பிக் கடைகளிலும் டியூஷன் நிலையங்களிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கொம்பியூட்டர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நல்ல புகலிடம். போட்டு முடித்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "செட்அப் கோப்பை எங்கே எடுப்பது?"

கூகுளில் தேடி, மூன்று பச்சை டவுன்லோட் பட்டன்களில் எது உண்மையானது என்று ஊகித்து அமுக்குகிற பழக்கத்தை முதலில் விட வேண்டும். இங்கே மென்பொருள், களஞ்சியம் எனப்படும் இணையக் கிடங்கிலிருந்து வருகிறது. களஞ்சியமும், மென்பொருளைக் கட்டித் தரும் பொதி வகையும் ஆப்ட், பிளாட்பாக், ஸ்னாப், ஆப்இமேஜ் எனப் பல என்பதுதான் புதியவரைக் குழப்புகிறது.

என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆப்ட் முதலில், அதில் கிடைக்காததற்கும் மிகப் பழையதாய்க் கிடைப்பதற்கும் பிளாட்பாக், ஸ்னாப் வேண்டாம். கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டில் இணையம் பார்க்கிற, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வீட்டுக்கு இந்த வரிசை இன்னும் பொருந்தும்.

ஆப்ட் என்பது மின்ட்டின் அடித்தளத்தோடு வரும் நிறுவல் கருவி. ஒரு நிரலுக்கு வேண்டிய பொதுப் பாகங்கள் ஏற்கெனவே கணினியில் இருந்தால் அவற்றையே அது பயன்படுத்திக்கொள்கிறது; அதனால் இறக்க வேண்டியது குறைவு. குறை, பழைமை. மின்ட் 22, உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பின் மேல் கட்டப்பட்டது. அதன் களஞ்சியத்தில் படம் திருத்தும் கிம்ப் நிரல் 2.10ஆம் பதிப்பில்தான் இருக்கிறது. கிம்ப் 3.0 வெளிவந்தது 2025 மார்ச்சில். ஆனால் அடையாள அட்டைப் படத்தின் பின்னணியை வெட்டி, அளவு மாற்றி, அச்சுக்கு அனுப்புகிற கடைக்கு 2.10இல் என்ன குறை? எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தமிழ்த் தட்டச்சில் ஆப்டுக்குப் போட்டியே இல்லை. உள்ளீட்டு முறை இயங்குதளத்தோடு ஒட்டி வேலை செய்ய வேண்டியது; அதைப் பிளாட்பாக்காகப் போட்டு எல்லா நிரல்களிலும் தட்டச்சிட முடியாது. தட்டச்சு முறைகளை இயக்கும் ஐபஸ், அதற்கு விசைப்பலகை அமைப்புகளைத் தரும் எம்17என் பொதி இரண்டையும் ஆப்டில் நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால், தமிழ்ப் பட்டியலில் நம் நாட்டின் நியம அமைப்பான ரெங்கநாதன் விசைப்பலகை இருக்கும். பாடசாலைகளின் பழைய வினாத்தாள்களைத் திறக்கப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு வேண்டுமென்றால் எதையும் தேட வேண்டாம். விண்டோஸில் இருந்த எழுத்துருக் கோப்பை வீட்டு அடைவின் எழுத்துருக் கோப்புறையில் நகலெடுத்தால் போதும்.

பிளாட்பாக், கல்யாண வீட்டுக்குத் தன் பாய், தலையணை, சட்டிபானையோடு வந்திறங்கும் விருந்தாளி. முதல் நிரலைப் போடும்போது அது நிற்கும் தளத்தையும், அதாவது அது இயங்க வேண்டிய பொதுப் பாகங்களின் தொகுப்பையும், சேர்த்து இறக்கும். சில நூறு எம்.பி. போய்விடும். அதே தளத்தில் நிற்கும் அடுத்த நிரல்கள் சிறிதாகவே வரும். மின்ட்டின் மென்பொருள் மேலாளரில் ஒரே நிரல் இரு வடிவிலும் இருந்தால், எது வேண்டும் என்று தெரிவுப் பெட்டி கேட்கும். அளவைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். பெரிதென்றால் இரவு டேட்டா நேரத்துக்கு விட்டுவிடுங்கள்.

பிளாட்பாக்கின் பலமும் தொல்லையும் அதன் வேலிதான். நிரலுக்கு அனுமதித்த இடம் மட்டுமே தெரியும். பென் ட்ரைவிலிருந்து ஒரு படத்தைத் திறக்கிறீர்கள், திறக்கிறது. "அடுத்தது" அம்பை அமுக்கினால் அசையாது. கோப்புறை நிறையப் படங்கள் இருக்கும், நிரலுக்கோ நீங்கள் காட்டிய அந்த ஒன்றுதான் தெரியும். பிளாட்சீல் என்ற சிறு நிரலில் அந்த இடத்துக்கு அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும். இன்னொன்று: மின்ட் 22, தயாரித்தவரே வெளியிட்டது என்று உறுதிசெய்யப்படாத பிளாட்பாக்குகளை மறைத்தே வைக்கிறது. தேடியது காணவில்லையே என்று பதறுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

ஸ்னாப் உபுண்டுவைத் தயாரிக்கும் கனொனிக்கலின் வழி. ஸ்னாப் கடையின் சாவியும் அவர்களிடம்தான். 2020இல் மின்ட் அதை இயல்பிருப்பில் தடுத்துவிட்டது. உபுண்டுவிலோ 22.04 முதல் பயர்பொக்ஸே ஸ்னாப்பாகத்தான் வருகிறது. ஸ்னாப் ஒரு நாளில் நான்கு தடவை புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தானே இறக்கிக்கொள்ளும். நிறுத்திவைக்க வழி உண்டு. ஆனால் அந்த வழி தெரியவரும் முன் ரீலோட் போட்ட டேட்டா தீர்ந்திருக்கும்.

ஆப்இமேஜ் ஒற்றைக் கோப்பு. இயக்க அனுமதி கொடுத்து இரட்டைச் சொடுக்கு, அவ்வளவுதான். ஒருவர் இறக்கினால் வகுப்பு முழுவதும் பென் ட்ரைவில் பரப்பலாம் என்பதால் எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு. ஆனால் பெரும்பாலும் புதிய பதிப்பை நீங்களேதான் தேடிப் போக வேண்டும்.

கடைசியாக, தயாரித்தவரின் இணையதளத்திலிருந்தே எடுக்கும் டெப் கோப்பு; விண்டோஸின் செட்அப் கோப்பைப் போன்றது. விண்டோஸ்காரருக்குப் பழகிய வழி, சிலவற்றுக்கு இதுவே சரியான வழியும்கூட. குரோமை இப்படிப் போட்டால் அது தன் களஞ்சியத்தையும் சேர்த்துவிடும். பிறகு புதுப்பிப்புகள் மின்ட்டின் மேலாளர் வழியாகவே வரும். ஸூம் அப்படியல்ல. ஒவ்வொரு பதிப்புக்கும் நீங்களே போய் எடுத்துவர வேண்டும். வகுப்புத் தொடங்கும் நேரத்தில் "பழைய பதிப்பு" என்று அது கதவை அடைக்கும்வரை யாருக்கும் நினைவு வராது. அன்றைக்கு பிரவுசர் வழியாகவே வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம்.